இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு



பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகக் கடலில் இறங்குகிறவர்கள் நீங்கள். வார இறுதியில் பாய்மரப் படகை எடுப்பவர்கள், விடுமுறைக்குப் படகு வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றுபவர்கள், தூண்டிலும் குளிர்பெட்டியுமாக மோட்டார் படகில் கிளம்புபவர்கள் என எல்லோரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் படகில் சார்ட்பிளாட்டர் இருக்கும்; இல்லாவிட்டால் கைப்பேசியிலாவது அதே வேலையைச் செய்யும் செயலி இருக்கும். போகவேண்டிய இடத்தில் விரலை வைத்தால் ஒரு வேபாயின்ட் விழுகிறது, படகிலிருந்து அதுவரை ஒரு கோடு ஓடுகிறது, ஆட்டோபைலட் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வசதியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. புள்ளியை எங்கே வைப்பது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியைக்கூட நாம் கோட்டுக்குக் கொடுப்பதில்லை என்பதே என் கவலை. வேபாயின்ட் தன் இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். அதற்கு முந்தைய பத்து மைலில் என்ன இருக்கிறது என்று அது ஒரு வார்த்தையும் சொல்லாது. நான் கீழே எடுத்துச்சொல்லும் மூன்று விபத்துகளும் கோட்டின் நடுவில் நடந்தவை.

முதலாவது, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2014 நவம்பர் 29 அன்று, வோல்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகைச் சுற்றும் போட்டியில், கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ என்ற 65 அடிப் பாய்மரப் படகு, இருட்டிய சிறிது நேரத்தில், சுமார் 19 நாட் வேகத்தில் ஒரு பவளத்திட்டின் மேல் ஏறியது. மொரீஷியஸுக்கு வடகிழக்கே நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கார்காடோஸ் கராஜோஸ் திட்டு அது. மாலுமிகளுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த, வடக்கு தெற்காகச் சுமார் 50 கிலோமீட்டர் நீளும் திட்டு. படகில் ஒன்பது பேர் இருந்தார்கள்; அதை ஓட்டியவர்கள் உலகத்தரமான கடலோடிகள். நல்லவேளையாக எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். பக்கத்தில் வந்த போட்டிப் படகான ‘அல்விமெடிகா’ பந்தயத்தை மறந்து விடியும்வரை காவல் நின்றது. ஆஸ்திரேலியக் கடற்படையின் ஓய்வுபெற்ற ரியர் அட்மிரல் கிறிஸ் ஆக்ஸன்போல்ட் தலைமையிலான குழு 2015 மார்ச்சில் தந்த அறிக்கை, மின்னணு வரைபடங்களையும் மற்ற வழித்தகவல்களையும் பயன்படுத்திய விதத்தில் குறை இருந்தது என்றது. சிறிய, நடுத்தர அளவுகோலில் பார்க்கும்போது ஆபத்தைக் காட்டாத வரைபடத்தின் குறையையும் அது மறைக்கவில்லை. ஒரு வெப்பமண்டலப் புயல் காரணமாக, போகக்கூடாத பகுதியின் எல்லையை அமைப்பாளர்கள் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் மாற்றினார்கள். முன்பு மூடியிருந்த அந்தக் கடற்பகுதி அதனால்தான் பாதைக்குள் வந்தது. திரையைச் சுருக்கி வைத்துப் பார்த்தபோது அங்கே தெரிந்தது ஆழம் குறைந்த ஒரு கடலடி மேடுதான். நீருக்கு மேல் தலைகாட்டும் பவளப்பாறை அந்த அளவில் தெரியவில்லை.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது வரைபடம் வேலை செய்யும் முறையை. அச்சிட்ட காகித வரைபடத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு வரைபடக் கலைஞர் யோசித்து முடிவெடுத்திருப்பார். மொத்த இந்தியப் பெருங்கடலையும் ஒரே தாளில் அடக்கினாலும், கப்பலை உடைக்கக்கூடிய திட்டை ஒரு சிலுவைக்குறியாகவாவது அதில் விட்டுவைப்பார். சார்ட்பிளாட்டரில் அப்படி ஒரு ஒற்றைத் தாள் இல்லை. பல அளவுகோல்களில் எடுத்த தகவல்கள் அடுக்கடுக்காக உள்ளே இருக்கின்றன. நீங்கள் விரலால் சுருக்கும்போது திரை நெரிசலாகாமல் இருக்க மென்பொருள் சிலவற்றை மறைக்கிறது. எதை மறைப்பது என்பது முன்கூட்டி எழுதப்பட்ட விதி, உங்கள் பயணத்தைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை. வெறும் நீலமாகத் தெரியும் இடம் உண்மையிலேயே வெறுமையானதா, வெறுமையாகக் காட்டப்படுகிறதா என்பதைச் சுருக்கிய திரையில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நாம் எல்லோரும் பாதையைப் போடுவது அந்தச் சுருக்கிய திரையில்தான், ஏனென்றால் புறப்படும் இடமும் சேரும் இடமும் சேர்ந்து தெரிவது அப்போதுதான். ஆகவே கோட்டைப் போட்ட பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு முனையில் பெரிதாக்கி, கோட்டின் மீதே நகர்த்தி நகர்த்தி மறுமுனை வரை போக வேண்டும். கோட்டின் இரண்டு பக்கமும் நீங்கள் விலக நேரக்கூடிய தூரம் வரையும் பார்க்க வேண்டும். முப்பது மைல் கோட்டுக்குச் சில நிமிடங்கள் போதும்.

இரண்டாவது விபத்து இன்னும் கனமானது. 2012 ஏப்ரலில், கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சிலிருந்து மெக்சிகோவின் என்செனாடா வரை, 125 கடல் மைல் தூரம், ஆண்டுதோறும் நடக்கும் ஒரு கேளிக்கைப் போட்டி. அதில் ‘ஏஜியன்’ என்ற 37 அடிப் படகில் நால்வர் போனார்கள். நள்ளிரவு தாண்டியபின் படகின் தடம் நின்றது; நால்வரும் இறந்தார்கள். படகிலிருந்த செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி விட்டுவிட்டு அனுப்பிய இடக்குறிகள், கிட்டத்தட்ட நேர்க்கோடாகப் போய் வடக்கு கொரோனாடோ தீவில் முடிந்திருந்தன. படகு மோட்டார் ஓட்டத்தில் அந்தத் தீவின் மீதே மோதியது என்று அமெரிக்கப் பாய்மர அமைப்பான யுஎஸ் செய்லிங் நியமித்த சுயேச்சைக் குழு முடிவுக்கு வந்தது. மேல்தளத்தில் யார் விழித்திருந்தார்கள், திரையில் என்ன இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. எஞ்சியது அந்தக் கோடு. கொரோனாடோ, திரையைச் சுருக்கினால் மறைந்துபோகும் பவளத்திட்டு இல்லை, செங்குத்தாக எழும் பாறைத் தீவு. எந்த வரைபடத்திலும் அது தெரியும். படகின் பாதை ஒரு தீவின் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை எந்த ஆழக் கணக்கும் தேவையில்லாமல் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், யாராவது கோட்டை முனை முதல் முனை வரை பார்த்திருந்தால்.

இங்கே உங்களில் சிலர், “அதற்குத்தான் இப்போது தானியங்கிப் பாதை வந்துவிட்டதே” என்பீர்கள். படகு நீரில் அமிழும் ஆழமும் பாய்மரத்தின் உயரமும் கொடுத்தால், கரையிலிருந்து கரைவரை பாறையையும் பாலத்தையும் தவிர்த்துக் கருவியே பாதை போட்டுத்தருகிறது. உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு. நான் அதை மட்டம் தட்டமாட்டேன். கைதவறித் தீவின் மேல் கோடு போடும் பிழையை அது அநேகமாகப் பிடித்துவிடும். ஆனால் அதைச் செய்து விற்கும் நிறுவனங்களே, இந்தப் பாதை தடையின்மைக்கு உத்தரவாதம் இல்லை, சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள் என்று திரையிலேயே எச்சரித்து, நம்மை ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்த வைக்கின்றன. சட்டப் பாதுகாப்புக்காக எழுதிய வாசகம் என்று தள்ளிவிட வேண்டாம். கருவிக்குத் தெரிந்தது தன்னிடம் உள்ள ஆழ எண்கள் மட்டுமே. நீரோட்டம் காற்றுக்கு எதிராகத் திரும்பும்போது ஒரு முனைக்கு முன்னால் கடல் கொதிக்கும் என்பதோ, நீங்கள் அங்கே போய்ச்சேரும்போது இருட்டியிருக்கும் என்பதோ, உடன் வருபவர்கள் இருவரும் வாந்தி எடுத்துப் படுத்திருப்பார்கள் என்பதோ அதற்குத் தெரியாது. கருவி போட்ட பாதையை முதல் வரைவாக எடுத்துக்கொண்டு, முனையிலிருந்து முனைவரை நகர்த்திப் பாருங்கள். வரைவை எழுதியது யார் என்பது பொருட்டில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நீங்களாக இருக்க வேண்டும்.

“ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும்போது இவ்வளவு பயம் ஏன்?” என்பது இதைவிட வலுவான மறுப்பு. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் அளவில் தடுமாறிக்கொண்டிருந்த கருவிகள் அன்றிலிருந்து சில மீட்டருக்குள் வந்துவிட்டன. நீங்கள் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிகிறது, சரி. பாறை இருக்கும் இடம்? அது, அந்தக் கடலை எப்போது, எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதிகாரப்பூர்வ மின்னணு வரைபடங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத்தரம் குறிக்கப்பட்டிருக்கும். மிகச் சிறந்த ஏ1 வகையில் இடப்பிழை ஐந்து மீட்டரை ஒட்டியது. பி வகையில் 50 மீட்டர். சி வகையில் 500 மீட்டர். டி அதைவிட மோசம். உலகின் ஒதுக்குப்புறக் கடல்கள் பலவற்றில், கயிற்றில் ஈயக்குண்டு கட்டி அளந்த காலத்து எண்கள்தான் இன்றும் திரையில் பளபளக்கின்றன. சி வகைக் கடலில் ஒரு பாறையிலிருந்து 100 மீட்டர் தள்ளிக் கோடு போட்டுவிட்டு, ஜிபிஎஸ் மூன்று மீட்டர் துல்லியம் என்று நிம்மதியாக இருப்பது கணக்கே ஆகாது. இன்னொன்றும் உண்டு: செயற்கைக்கோள் சமிக்ஞையையே ஏமாற்ற முடிகிறது. 2017 ஜூனில் கருங்கடலில் நொவொரோசிஸ்க் அருகே இருந்த பல கப்பல்களின் கருவிகள், அவை உள்நாட்டில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. கப்பல் கடலில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மாலுமிகளுக்கு ஜன்னல் போதுமாக இருந்தது. பாதி மைல் மட்டும் தள்ளிக் காட்டியிருந்தால் ஜன்னல் போதாது.

துல்லியத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பழைய காலத்தில் ஒரே மிதவையை நோக்கிப் போன பத்துப் படகுகளும் ஆளுக்கொரு பிழையோடு பரவி வந்தன. இன்று வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சிட்ட ஒரே வேபாயின்டைப் பத்துப் பேரும் ஏற்றிக்கொண்டு, சில மீட்டர் அகலமுள்ள ஒரே ஒற்றையடிப்பாதையில் எதிரும் புதிருமாக வருகிறார்கள். மிதவையின் மேலேயே புள்ளியை வைத்துவிட்டு ஆட்டோபைலட்டிடம் கொடுத்தால் இரும்பு மிதவையில் போய் முட்டும் அளவுக்குக் கருவி நேர்மையாக வேலை செய்யும். அதனால் மிதவையைப் புள்ளியாக்காதீர்கள். ஆழமான பக்கத்தில், உங்கள் கால்வாயின் வலதுகைப் பக்கமாக, சற்றுத் தள்ளி வையுங்கள்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். இங்கேதான் பிழைகள் சத்தமில்லாமல் நுழைகின்றன. புத்தகத்தில் ஒரு புள்ளியின் அட்சரேகை 13 டிகிரி 05.5 நிமிடம் என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம், சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய எண். 05.5 நிமிடம் என்றால் ஐந்து நிமிடம் முப்பது விநாடி. உங்கள் கருவி டிகிரி, நிமிடம், விநாடி என்ற அமைப்பில் இருந்து, அவசரத்தில் 05 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றிவிட்டீர்கள் என்றால், புள்ளி இருபது விநாடி வடக்கே நகர்ந்துவிட்டது. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆக, இருபது விநாடி அறுநூறு மீட்டரைத் தாண்டும். ஒரு துறைமுக வாயிலைத் தவறவிட்டு அலைதடுப்புச் சுவரின் கற்களில் போய் நிற்க அது தாராளம். அதே எண்ணை 13.055 டிகிரி என்று தசமமாக ஏற்றினால் 13 டிகிரி 03.3 நிமிடம் ஆகிவிடும். இரண்டு மைலுக்கும் மேலான பிழை. திரையில் இரண்டுமே நம்பகமான புள்ளிகளாகத்தான் தெரியும். இதைப் பிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது, இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை: வரைபடத்தில் புள்ளியிலிருந்து புள்ளிக்குத் திசைக்கோணத்தையும் தூரத்தையும் கையால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பிறகு கருவி சொல்லும் கோணத்தோடும் தூரத்தோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு தப்பான எண் உட்கார்ந்திருக்கும். எண்ணை இரண்டு முறை படிப்பதால் இது கிடைக்காது. தப்பாகப் படித்தவர் மறுபடியும் அதே தப்போடுதான் படிப்பார்.

எண் சரி, கோடும் சரி, ஆனாலும் படகு கோட்டில் போகாது என்பதை அடுத்ததாக நினைவில் வைக்க வேண்டும். ஐந்து நாட் வேகத்தில் போகும் படகுக்குக் குறுக்கே இரண்டு நாட் நீரோட்டம் ஓடுகிறது என்றால், புறப்பட்ட கோணத்தையே பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போனால் நான்கு மைல் பக்கவாட்டில் அடித்துச் செல்லப்பட்டிருப்பீர்கள். சரி, மூக்கை எப்போதும் வேபாயின்டை நோக்கியே வைத்துக்கொள்கிறேன் என்றால், படகு நேர்க்கோட்டில் போகாமல் நீரோட்டத்தின் பக்கம் வளைந்து ஒரு வில்லாகப் போய்ச்சேரும். நீங்கள் அக்கறையாகச் சரிபார்த்த கோடு ஒருபுறம் இருக்க, சரிபார்க்காத கடலில் பயணம் நடக்கும். கோட்டிலேயே நிற்க வேண்டுமானால் நீரோட்டம் வரும் பக்கமாக ஏறக்குறைய 24 டிகிரி திருப்பி ஓட்ட வேண்டும். வேகமும் நாலரை நாட்டுக்கு இறங்கும். கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்ற எண்ணைப் பிளாட்டர் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கிறது. ‘இங்கே போ’ என்ற பொத்தானைப் பாதி வழியில் மறுபடியும் அழுத்துபவர்கள் அந்த எண்ணை அழித்துவிடுகிறார்கள்: கருவி பழைய கோட்டைக் கைவிட்டு, இப்போது இருக்கும் இடத்திலிருந்து புதிய கோடு ஒன்றைப் போடுகிறது. விலகல் சுழியம் என்று காட்டும். புதிய கோட்டை யாரும் பார்க்கவில்லை. முனைகளைச் சுற்றித் திரும்பும் இடத்திலும் இதேபோல ஒரு சிக்கல் உண்டு. புள்ளியைச் சுற்றிய வருகை வட்டத்தை 0.2 மைல் என்று வைத்திருந்தால், 370 மீட்டர் முன்பே கருவி அடுத்த கோட்டுக்குத் தாவி, மூலையை உள்பக்கமாக வெட்டிவிடும். பாறை இருப்பது பெரும்பாலும் அந்த உள்பக்கத்தில்தான்.

“நீங்கள் சொல்வதெல்லாம் காகித வரைபடக் காலத்துப் பேச்சு” என்று ஒரு மறுப்பு வரும். வரட்டும், அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 2019இல் அறிவித்தபடி தன் பாரம்பரியக் காகித வரைபடங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி முடித்துவிட்டது. பிரிட்டனும் நிறுத்துவதாக அறிவித்து, பிறகு 2030 வரையாவது தொடர்வதாகத் தள்ளிப்போட்டிருக்கிறது. நான் காகிதத்தின் வாசனைக்காக வாதாடவில்லை. காகிதத்தில் கோடு போட்ட காலத்தில் கை மெதுவாக நகர்ந்தது. கோட்டுக்கடியில் உள்ள ஒவ்வொரு எண்ணும் கண்ணில் பட்டே தீரும். அந்தப் பார்வையைத் திரையிலும் பெறலாம், மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரி: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, கோணம், தூரம், எந்தப் பக்கம் எவ்வளவு விலகலாம், வழியில் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய என்ன இருக்கிறது. காகித வரைபடம் கிடைக்கும் கடலாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். சேரவேண்டிய புள்ளியிலிருந்து நீங்கள் வரும் திசையை நோக்கிப் பத்து டிகிரிக்கு ஒரு கோடாக விசிறிபோல் விரித்து, மைலுக்கு ஒரு வளைவும் போட்டு வையுங்கள். படகு ஆடும்போது அளவுகோலை எடுக்காமல், கருவி சொல்லும் கோணத்தையும் தூரத்தையும் வைத்து அந்த வலையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பென்சில் முனையால் ஒரு நொடியில் குறித்துவிடலாம். கருவி நடுவழியில் அணைந்துபோனாலும் கடைசியாக எங்கே இருந்தீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கும்.

கண்ணால் உறுதிசெய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. கடலடிப் பாறையைப் ‘பார்’ என்று அழைக்கும் தமிழகத்துக் கடலோர மீனவர்கள், கரையிலுள்ள தேவாலயக் கோபுரத்தையும் அதன் பின்னாலிருக்கும் மலைமுகட்டையும் நேர்ப்படுத்தி, வேறொரு திசையில் இன்னொரு ஜோடியையும் நேர்ப்படுத்தி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் வலையிறக்கியவர்கள். இன்று அவர்கள் படகிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள் ஒரே இடத்தைச் சொன்னால்தான் அது இடம் என்ற அந்த அறிவு, பாய்மரப் படகோட்டும் நமக்கும் அப்படியே பொருந்தும். ஜிபிஎஸ் ஒரு சாட்சி. கலங்கரை விளக்கத்தின் கோணமும், ஆழமானியில் குறைந்துவரும் எண்ணும் மற்றச் சாட்சிகள்.

கடைசியாக, “நாங்கள் விடுமுறைக்குப் போகிறோம், கப்பல் ஓட்டவில்லை” என்ற மறுப்பு. 2002 ஜூலையிலிருந்து, கடலில் உயிர்ப்பாதுகாப்பு பற்றிய சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம் 34ஆம் விதி, கடலுக்குப் போகும் முன் பயணத்தைத் திட்டமிடச் சொல்கிறது. பிரிட்டன் அதைச் சிறிய கேளிக்கைப் படகுகளுக்கும் பொருத்தியிருக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை. மூன்றாவது விபத்தையே பாருங்கள். 2017 அக்டோபர் 31 அன்று, பயிற்சி பெற்ற அமெச்சூர்களை ஏற்றிச்செல்லும் கிளிப்பர் போட்டியில் ‘சிவி24’ படகு கேப் டவுனிலிருந்து கிளம்பிய அன்றிரவே, கேப் தீபகற்பத்தின் மேற்குக்கரையில் தரைதட்டியது. எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள், படகு போய்விட்டது. படகின் தலைவர் மேல்தளத்தில் குழுவினருக்குப் பாய்மாற்ற உதவிக்கொண்டிருந்தார். இடத்தைக் காட்டும் திரை கீழ்த்தளத்தில் இருந்தது. ஆபத்தை ஒட்டி ஓடும்போது படகின் இடத்தைத் திட்டமிட்டுக் கண்காணிக்கத் தவறியதையே பிரிட்டிஷ் விசாரணை சுட்டிக்காட்டியது. கரைக்குப் பக்கத்தில்தானே போகிறோம் என்பது ஆறுதல் இல்லை, பாறைகள் இருப்பது கரைக்குப் பக்கத்தில்தான். ஆழ்கடலில் ஒரு மைல் பிழையை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு கோரிக்கை. குறிப்பாகப் படகுக் குழுக்களில் மூத்தவர்களாக இருப்பவர்களிடமும், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களிடமும். அடுத்த பயணத்தின் முந்தைய மாலை, பாதையைப் போட்ட பிறகு அதை நீங்களே சரிபார்த்து முடித்துவிடாமல், உடன் வரும் இன்னொருவரிடம் கொடுங்கள். கருவியைத் தராமல் நோட்டுப் புத்தகத்தைத் தாருங்கள். கோணமும் தூரமும் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர் வரைபடத்தில் தானாகத் தேடி அளக்கட்டும், ஒவ்வொரு கோட்டையும் பெரிதாக்கி நகர்த்திப் பார்க்கட்டும், எங்கே நெஞ்சு உறுத்துகிறதோ அங்கே கேள்வி கேட்கட்டும். புதியவர் கேட்கும் கேள்விக்குக் கோபப்படாதீர்கள். அவருக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் கோட்டை இன்னும் அரை மைல் தள்ளிப் போடுங்கள்.